அளவு இடிக்கிறதா? வார்டில் நோயாளியைப் பரிசோதிக்கும் நர்சிங் மாணவர்களுக்கு

வேலூரில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் முதல் முறை வார்டுக்கு வந்ததும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். "சிஸ்டர், பிபி கேட்கவே மாட்டேங்குது." "சிஸ்டர், சாச்சுரேஷன் 82 காட்டுது, ஆனா அவர் பேப்பர் படிச்சிட்டு இருக்கார்." "சிஸ்டர், எல்லாருக்கும் மூச்சு 20தான் வருது." இவற்றையே திரும்பத் திரும்பச் சரி செய்து கொடுத்ததில் சேர்ந்த குறிப்பு இது. உடலியங்கியல் பாடம் இதில் கிடையாது, அதற்குப் புத்தகம் இருக்கிறது. எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும். டாக்டரைக் கூப்பிட வேண்டிய இடம் கடைசியில் வரும்.

எதற்கும் முன்னால்: ஆளைப் பாருங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் கட்டிலின் காலடியில் நின்று ஆளை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். பேசுகிறாரா, உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாரா, வியர்த்திருக்கிறாரா, நிறம் மாறியிருக்கிறதா. அதன் பிறகு வரும் எந்த எண்ணையும் இந்தப் பார்வையோடு ஒப்பிடுங்கள்.

ஆள் நன்றாக இருக்கிறார், எண் மோசம் என்றால் முதலில் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் கருவியை, அதற்கும் அப்புறம்தான் நோயாளியை. ஆள் மோசமாக இருக்கிறார், எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் எண்ணை நம்பாதீர்கள், ஸ்டாஃப் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். முதல் வகையில் வீணாவது ஐந்து நிமிடம். இரண்டாவது வகையில் ஒரு உயிரே போகலாம்.

திருப்பிப் பார்த்தும் கீழே உள்ளது வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 8-ம் அதற்குக் கீழும், அல்லது 25-ம் அதற்கு மேலும். ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 91-ம் அதற்குக் கீழும். மேல் பிபி 90-ம் அதற்குக் கீழும், அல்லது 220-ம் அதற்கு மேலும். நாடி 40-ம் அதற்குக் கீழும், அல்லது 131-ம் அதற்கு மேலும். உடல் வெப்பம் 95 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்குக் கீழும். நேற்று வரை இல்லாமல் இன்று வந்த குழப்பம். இவை நியூஸ்-2 என்ற, நோயாளி மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டும் அட்டவணையில் ஒற்றை அளவுக்கே 3 மதிப்பெண் விழும் எல்லைகள். உங்கள் வார்டு வேறு எல்லை வைத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

பிபி: சத்தமே கேட்கவில்லை

பெரும்பாலும் கோளாறு ஸ்டெதஸ்கோப்பில் இருக்கும், அதுவும் உங்கள் காதுக்கும் மார்புத் தட்டுக்கும் நடுவில்.

- காது முனைகள் முன்பக்கம், அதாவது மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் பாதிச் சத்தம் போய்விடும்.
- தட்டை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் மணிப் பக்கம் திறந்திருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பின் தலையைத் திருப்புங்கள்.
- துடிப்பைத் தேடாமல் முழங்கை மடிப்பின் நடுவில் குத்துமதிப்பாக வைத்திருப்பீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது கைத்தமனியை (பிரேக்கியல்). கையை நீட்டச் சொல்லி, மடிப்பில் உட்பக்கம், சுண்டுவிரல் பக்கமாகத் தொட்டுத் துடிப்பைப் பிடித்து அதன் மேல் வையுங்கள்.
- தட்டு கஃபுக்கு (கையில் சுற்றும் காற்றுப் பட்டைக்கு) அடியில் செருகியிருக்கிறதா? வெளியே எடுங்கள்.
- காற்றைச் சட்டென்று திறந்துவிட்டீர்களா? வினாடிக்கு 2 மி.மீ. அளவில் முள் இறங்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு முதல் சத்தம் தப்பிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கேட்கவில்லையா? மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடியுங்கள். நாடி மறையும் இடத்தைக் குறித்து, அதற்கு மேல் 20 முதல் 30 வரை ஏற்றி, மெல்ல இறக்குங்கள். நாடி திரும்பி வரும் இடம் உங்கள் மேல் பிபி. கேஸ் ஷீட்டில் "தொட்டுப் பார்த்தது" என்று குறிப்பிட்டு அந்த ஒற்றை எண்ணை எழுதுங்கள். கீழ் பிபியைக் கற்பனை செய்து எழுதக் கூடாது. சில வயதானவர்களுக்கு நடுவில் சத்தம் சிறிது நேரம் மறைந்து மீண்டும் வரும். நாடியைத் தொட்டுப் பார்க்காமல் காற்றடித்தால் அந்த இரண்டாவது சத்தத்தையே முதல் சத்தம் என்று எழுதிவிடுவீர்கள். 190 இருப்பவர் 150 என்று பதிவாகிவிடுவார்.

நாடியும் தொட்டுப் பார்க்கக் கிடைக்கவில்லை, கை சில்லிட்டிருக்கிறது, ஆள் சோர்ந்திருக்கிறார் என்றால் மறுபடி காற்றடிக்க வேண்டாம். கூப்பிடுங்கள்.

பிபி: எதிர்பார்த்ததைவிட அதிகம்

வரிசையாகப் போங்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும்.

*இப்போதுதான் வந்தாரா?* புது பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து, மாடிப்படி ஏறி, வரிசையில் நின்று களைத்து வந்தவரை உட்கார்ந்த மறுநொடி அளந்தால் 160 வரத்தான் செய்யும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் உட்காரட்டும். டீ, காபி, பீடி எதுவானாலும் கடைசியாகக் குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். "கடைசியா எப்ப பீடி குடிச்சீங்க ஐயா?" என்று நேராகக் கேளுங்கள். "புகை பிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள்.

*சிறுநீர் முட்டுகிறதா?* கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள். நீங்களே கழிவறையைக் காட்டிவிட்டு அப்புறம் அளங்கள்.

*கை எங்கே இருக்கிறது?* கஃப் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அளவு ஏறும். கையை அவரே தூக்கிப் பிடித்திருந்தாலும் ஏறும். தலையணையில் தாங்கக் கொடுங்கள்.

*பேசுகிறாரா, கால் மேல் கால் போட்டிருக்கிறாரா?* இரண்டுமே அளவை ஏற்றும். பேச்சை ஆரம்பித்து வைப்பது அனேகமாக நாம்தான்.

*துணியின் மேல் கஃப் கட்டினீர்களா?* நம் ஊரில் இது தனிச் சிக்கல். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே இன்னொரு கட்டாகி அழுத்தும். அப்படிச் சுருட்டாதீர்கள். திரையை இழுத்துவிட்டு, ஜாக்கெட்டின் ஒரு கையைக் கழற்றச் சொல்லுங்கள். "அம்மா, ஒரு கை மட்டும் கழட்டினா போதும், நான் திரை போட்டுட்டேன்" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

*கஃப் சின்னதா?* உள்ளே இருக்கும் காற்றுப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதத்தையும், அகலம் 40 சதவீதத்தையும் எட்ட வேண்டும். பருத்த கைக்குச் சின்ன கஃப் போட்டால் இல்லாத பிபி வரும். வார்டில் பெரிய கஃப் ஒன்றுதான் இருக்கும், அதுவும் பக்கத்து வார்டில் இருக்கும். போய் வாங்கி வாருங்கள்.

*டயல் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா?* காற்றில்லாதபோதே 10-இல் நின்றால் அந்தக் கருவியை ஒதுக்கி, ஸ்டாஃப் சிஸ்டரிடம் சொல்லிப் பழுதுக்கு அனுப்புங்கள். 10-ஐக் கழித்து எழுதும் வித்தை வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகும் அதிகமாகவே இருந்தால் இரண்டு நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இரண்டையும் எழுதிச் சொல்லுங்கள். 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த இரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

பிபி: குறைவு, அல்லது இரண்டு கையில் இரண்டு அளவு

குறைவாக வந்தால் முதலில் மெலிந்த கையில் பெரிய கஃப் சுற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்தது கஃப் இதயத்துக்கு மேலே இருக்கிறதா என்பது, ஒருக்களித்துப் படுத்தவரின் மேல்கையில் அளந்தால் அப்படித்தான் ஆகும். அப்புறம் காலையில் என்ன மாத்திரை விழுங்கினார் என்று கேளுங்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது என்பவருக்குப் படுக்கையில் ஒரு முறையும், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் சொல்ல வேண்டும். நிற்க வைக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும், தனியாக முயலாதீர்கள்.

இரண்டு கைக்கும் 10 வரை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் வந்தால் திருப்பி அளங்கள். மேல் பிபியில் 20-க்கு மேல் நிலைத்து நின்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். நெஞ்சுவலியோ முதுகுவலியோ கூட இருந்தால் உடனே.

இந்த ஊர் வார்டுகளில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். கஃப் கட்டும் முன் முழங்கையையும் மணிக்கட்டையும் பாருங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசியும் குத்தக் கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நெறிகளை எடுத்த பக்கத்துக் கையையும், டிரிப்ஸ் ஓடும் கையையும் விட்டுவிடுங்கள்.

ஆக்சிஜன் அளவு: ஆள் நன்றாக இருக்கிறார், மீட்டர் குறைவாகக் காட்டுகிறது

மீட்டரில் வரும் நாடி எண்ணையும், நீங்கள் மணிக்கட்டில் எண்ணும் நாடியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தச் சாச்சுரேஷனையும் நம்ப முடியாது. அலைக்கோடு காட்டும் மீட்டர் என்றால், அலை ஒழுங்காக வரும் வரை எண்ணைப் படிக்காதீர்கள்.

காரணங்கள்: நகப்பூச்சு, விரலில் கெட்டியாகப் போட்ட கருத்த மருதாணி, சில்லிட்ட விரல், நடுங்கும் கை, அதே கையில் இறுகிக்கொண்டிருக்கும் பிபி கஃப், ஜன்னல் வழியே நேராக அடிக்கும் வெயில். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் வேலை செய்தவர்களின் விரல் நுனி தடித்து வெடித்திருக்கும். அங்கேயும் சிக்னல் சரியாக வராது. கையைத் தேய்த்துச் சூடேற்றுங்கள், வேறு விரல் பாருங்கள், காது மடலுக்கென்று தனி சென்சார் இருந்தால் அதைப் போடுங்கள். விரல் சென்சாரைக் காதில் மாட்ட வேண்டாம்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். ஆள் மூச்சு வாங்குகிறார், மீட்டர் 96 என்கிறது. நம்பாதீர்கள். கருத்த தோலில் இந்த மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், நம் நோயாளிகளில் பெரும்பாலோர் அப்படித்தான். மூடிய அறையில் புகை சுவாசித்தவருக்கு ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். மூச்சை எண்ணுங்கள், கழுத்துத் தசை இழுக்கிறதா என்று பாருங்கள், ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று கேளுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினால் மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு டாக்டர் 88 முதல் 92 வரை போதும் என்று எழுதியிருக்கலாம். 90 வந்ததும் பதறி ஆக்சிஜனைக் கூட்டாதீர்கள், கேஸ் ஷீட்டைப் பாருங்கள்.

மூச்சு: எல்லோருக்கும் 18, இல்லையென்றால் 20

இந்தக் கோளாறுக்கு ஒரே காரணம், எண்ணவில்லை என்பதுதான். அட்டவணையில் ஒரு வார்டு முழுக்க 20 என்று இருந்தால் அந்தப் பக்கத்தை ரவுண்ட்ஸில் யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உடல்நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறும் எண்களில் மூச்சும் ஒன்று. எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

வழி எளிது. நாடியை எண்ணி முடித்ததும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காதீர்கள். நாடி பார்க்கிறீர்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். கண்ணை நெஞ்சுக்கு மாற்றி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். "மூச்சு எண்றேன், சாதாரணமா விடுங்க" என்று சொன்னால் யாரும் சாதாரணமாக விட மாட்டார்கள். போர்வையோ சேலைத் தலைப்போ மறைத்தால் அவருடைய கையை மார்பின் குறுக்கே வைத்து, கை ஏறி இறங்குவதை எண்ணுங்கள்.

எண்ண முடியாமல் போனால் "எண்ணவில்லை" என்று எழுதுங்கள். அதற்கு நான் திட்டுவேன், ஆனால் இட்டுக்கட்டிய 20-க்குத் திட்டும் அளவுக்கு இல்லை.

நாடி: கிடைக்கவில்லை, அல்லது தாளம் தப்புகிறது

கிடைக்கவில்லை என்றால் அனேகமாக அழுத்தி நசுக்கியிருப்பீர்கள். விரலை லேசாக்குங்கள். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணுவீர்கள். அடுத்த கை, அப்புறம் கழுத்து. கூப்பிட்டால் விழிக்கவில்லை, மூச்சு சரியில்லை, பத்து வினாடிக்குள் கழுத்திலும் நாடி கிடைக்கவில்லை என்றால் சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட்டு, நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

தாளம் தப்பினால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் கணக்கு செல்லாது, முழு நிமிடம் வேண்டும். இளம் வயதினருக்கு மூச்சை இழுக்கும்போது வேகமும் விடும்போது மெதுவுமாகச் சீராக மாறினால் அது இயல்பே. எந்தச் சீரும் இல்லாமல் வந்தால் இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள். ஒருவர் அங்கேயும் இன்னொருவர் மணிக்கட்டிலும் ஒரே கடிகாரத்தை வைத்து ஒரே நேரத்தில் எண்ணி, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். புதிதாகத் தாளம் தப்பியிருந்தால் ஆள் சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி கூட இருந்தால் உடனே. டிகாக்சின் என்ற இதய மாத்திரையைக் கொடுக்கும் முன் இதயத்தில் எண்ணி 60-க்குக் கீழ் இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

காய்ச்சல்: தொட்டால் கொதிக்கிறது, தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளவில்லை

அக்குள் வியர்வையைத் துணியால் ஒற்றி எடுத்தீர்களா? முனை சதையோடு ஒட்டியிருக்கிறதா, துணியோடா? பீப் சத்தம் வரும் வரை வைத்தீர்களா? வாயில் வைத்தால் சூடான டீ, குளிர்ந்த மோர், ஐஸ் தண்ணீர் எதுவானாலும் குடித்து 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். வாயால் மூச்சு விடுபவருக்கு அக்குளே சரி. அக்குள் அளவு வாயைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். எங்கே பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், நீங்களாக ஒரு டிகிரி கூட்டாதீர்கள்.

அளவு சரி, காய்ச்சலும் நிஜம், காரணம் மட்டும் தெரியவில்லை என்ற கிளைதான் வேலூரில் சுவாரஸ்யமானது. மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் முடியும் வரை இங்கே ஸ்க்ரப் டைஃபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல், நிறைய வரும். வயலில் களை எடுத்தவர், புல் அறுத்தவர், ஆடு மேய்த்தவர், ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றால் தலை முதல் கால் வரை தோலைத் தேடுங்கள். தேடுவது ஒரு சிறு கறுப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்ட காயம் போல இருக்கும், சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் நோயாளிக்கே தெரியாது, "அப்படி எதுவும் இல்லம்மா" என்றுதான் சொல்வார். அது ஒளிந்திருக்கும் இடங்கள்: அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், பாவாடை நாடா இறுகும் இடம், அரைஞாண் கயிற்றுக்கு அடியில், தொடை இடுக்கு, விதைப்பை, காதுக்குப் பின்னால். ஈரம் தங்கும் மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உதிர்ந்து ஆழமில்லாத புண்ணாக மட்டும் தெரியும். அரைஞாணை நகர்த்திப் பாருங்கள், அறுக்க வேண்டாம். ஆண் நோயாளிக்கு ஆண் நர்ஸ், பெண் நோயாளிக்குப் பெண் நர்ஸ், திரை கட்டாயம்.

கிடைத்தால் இடத்தையும் அளவையும் எழுதி, டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். கிடைக்கவில்லை என்பதால் அந்தக் காய்ச்சல் இல்லை என்று ஆகாது. "தேடினேன், தென்படவில்லை" என்பதும் பதிவுதான்.

அக்னி நட்சத்திர நாட்களில் வேறொரு கிளை. வெயிலில் வேலை செய்தவர், உடல் 104-ஐத் தொடுகிறது அல்லது தாண்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்வை இருந்தாலும் அதேதான். துணியைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறிக் குளிர்வித்துக்கொண்டே கூப்பிடுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

வயதானவருக்குக் கடும் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். குழப்பம், வேகமான மூச்சு, குறைந்த பிபி மூன்றும் சேர்ந்தால் தெர்மாமீட்டருக்காகக் காத்திருக்காதீர்கள்.

நிறம்: வெளிறலா, மஞ்சளா, சொல்ல முடியவில்லை

டியூப்லைட்டுக்கு அடியில் பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் திருப்புங்கள். முகத்துக்கு மஞ்சள் பூசும் அம்மாக்களின் தோலைப் பார்த்துக் காமாலை என்று முடிவு கட்ட முடியாது. மேல் இமையைத் தூக்கி, கீழே பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியின் மேற்பகுதியைப் பாருங்கள். வெயிலில் உழைத்த பெரியவர்களுக்கு இமை மூடாத பகுதி பழுப்பேறியிருக்கும், அது காமாலை ஆகாது. வெளிறலுக்குக் கீழ் இமையின் உட்புறம். மருதாணி இட்ட நகமும், வெற்றிலை போட்ட நாக்கும் உதடும் எதையும் சொல்லாது. மஞ்சள் நிஜம் என்று தோன்றினால் சிறுநீர், மலத்தின் நிறத்தைக் கேட்டு எழுதிச் சொல்லுங்கள். கருமலமோ ரத்தப்போக்கோ இருந்து வெளிறியிருந்தால் உடனே.

குழப்பம், அசாத்தியத் தூக்கம்

முதலில் மொழி. காட்பாடியில் இறங்கி நேராக வரும் வங்காளத்தவரும் ஜார்கண்டுக்காரரும், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கர்களும் இங்கே நிறைய. நீங்கள் தமிழில் தேதி கேட்டு, அவர் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டினால் "தெளிவாக இருக்கிறார்" என்றும் எழுத முடியாது, "குழப்பம்" என்றும் எழுத முடியாது. மொழி தெரிந்தவரை அழையுங்கள். கூட வந்தவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" காது மிஷினைப் பையில் வைத்திருக்கும் தாத்தாவும் இந்தக் கிளையில்தான் வருவார்.

மொழியோ காதோ காரணம் இல்லை என்றால் குளுக்கோமீட்டர். விரலைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம் குத்துங்கள். பழமோ இனிப்போ தொட்ட விரல் பொய்யான உயர்வைக் காட்டும், தாழ்ந்த சர்க்கரை அதற்குள் மறைந்துவிடும். 70-க்குக் கீழ், விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஸ்டாஃப் சிஸ்டருக்கும் சொல்லுங்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அங்கே நரம்பு வழி மருந்துதான்.

சர்க்கரை சரி, ஆனால் இமை தொங்குகிறது என்றால் இதைக் கவனியுங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர், விடியலில் வயிற்றுவலியோ வாந்தியோ வந்தவர், காலையிலிருந்து "தூங்கி வழிகிறார்" என்று அழைத்து வருவார்கள். கட்டுவிரியன் கடி இப்படித்தான் வரும், பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். மேலே பார்க்கச் சொல்லுங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள், தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி எதுவரை போனார் என்று குறியுங்கள். ஏதாவது ஒன்று முடியவில்லை என்றாலும் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வரும் வரை மூச்சை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வாய்வழியாக எதுவும் வேண்டாம்.

கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, எச்சில் ஒழுகி, உடல் வியர்த்திருந்தால், அதிலும் வயலில் மருந்து அடித்துவிட்டு வந்தவர் என்றால், கையுறை போட்டு, துணியைக் கழற்றி, உடலைக் கழுவத் தொடங்கிக் கூப்பிடுங்கள். இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருந்தால் கண்புரை அறுவையும் சொட்டு மருந்தும் உண்டா என்று கேளுங்கள். தூக்கக் கலக்கமும் கூட இருந்தால் கேள்வி கேட்கவும் நேரமில்லை.

கால்: நாடி கிடைக்கவில்லை, வீக்கம், உணர்வில்லை

பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் போகும் எலும்புகளுக்கு நடுவே லேசான தொடுதலில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் உள் கணுக்காலுக்குப் பின்னால். இரண்டும் இல்லை, பாதம் குளிர்ந்து வெளிறி வலிக்கிறது என்றால் அது அவசரம். கால் குளிராமல், நிறமும் நன்றாக இருந்தால் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீக்கத்தை முழங்கால் கீழ் எலும்பின் மேல் சில வினாடி அழுத்திப் பாருங்கள். இரண்டு காலிலும் சமமாக இருந்தால் எழுதி ரவுண்ட்ஸில் சொல்லலாம். ஒரே கால் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால், முக்கியமாக ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்தவர் என்றால், நீவி விடாதீர்கள், கூட வந்தவர்களையும் நீவ விடாதீர்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றி, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் பார்த்தாக வேண்டும். வலிக்காத புண், வலிக்காத தீக்காயம் இருந்தால் சர்க்கரை என்று அதோடு முடித்துவிடாதீர்கள். உணர்வில்லாத வெளிறிய தேமல் உடலில் எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். தொழுநோய்க்கென்றே கரிகிரியில் மருத்துவமனை வைத்திருக்கும் ஊர் நம்முடையது, அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று நினைக்க நமக்கு உரிமையில்லை.

நெஞ்சிலும் வயிற்றிலும் விசித்திரச் சத்தம்

நெஞ்சில் நொறுநொறுவென்று கேட்டால் மார்பு முடியோ துணியோ உரசுகிறதா என்று பாருங்கள். முடியை ஈரத்துணியால் துடைத்து, தட்டை அழுத்தி வையுங்கள். இருமச் சொல்லி மறுபடி கேளுங்கள். அப்போதும் இருந்தால் நிஜம். வயிற்றில் கேட்ட பிறகுதான் அழுத்த வேண்டும், வரிசை மாறினால் சத்தமும் மாறும். ஐந்து நிமிடம் முழுதாகக் கேட்காமல் "குடல் ஒலி இல்லை" என்று எழுதக் கூடாது. வயிறு பலகையாக இறுகி, தொட்டால் துடிக்கிறார் என்றால் கையை எடுத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பது உங்கள் வேலை கிடையாது.

கூப்பிடும்போது என்ன சொல்வது

"சார், பேஷண்ட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் போனின் அந்தப் பக்கத்தில் யாரும் ஓடி வர மாட்டார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், மூணாவது வார்டு, பன்னிரண்டாவது பெட், 58 வயது ஆண், சர்க்கரை நோய், நேத்து கால் புண்ணுக்கு அட்மிட் ஆனார். இப்ப மூச்சு 28, பிபி 88/60, ரெண்டு கையிலயும் பார்த்தாச்சு, சுகர் 210, காலையில தெளிவா பேசினவர் இப்ப குழப்பமா பேசுறார். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." மாணவராக இருந்தால் ஸ்டாஃப் சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போனில் மருந்து சொன்னால் பெயர், அளவு, வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி, "ஆமாம்" என்று கேட்ட பிறகு நேரத்தோடு எழுதுங்கள். சொன்ன நேரத்துக்குள் யாரும் வரவில்லை என்றால் அடுத்த மூத்தவருக்குப் போன் போடச் சொல்லி ஸ்டாஃப் சிஸ்டரிடம் கேளுங்கள்.